பன்னிரண்டு பேர் நின்ற படம்: மட்டக்களப்பில் ஒரு பாடசாலை அணி கலைந்த விதம்

என்னிடம் ஒரு குழுப்படம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மூன்றாம் தவணையில் எடுத்தது. ஏழு பேர் பின்னால் நிற்கிறோம், ஐந்து பேர் முன்னால் வாங்கில் இருக்கிறார்கள். நடுவில் இருப்பவனின் மடியில் ஒரு கூடைப்பந்து. அதன் மேல் சோக்கால் 89 என்று எழுதியிருக்கிறது. யாரோ கை வைத்ததில் ஒன்பதின் வால் அழிந்துவிட்டது. மட்டக்களப்பு நகரத்துப் பாடசாலை ஒன்றின் 19 வயதுக்குட்பட்ட அணி அது. நான் பின்வரிசையில் வலது ஓரம், மாற்று ஆட்டக்காரன்.

அடுத்த ஆண்டு அதே மூன்றாம் தவணையில், இந்தப் பன்னிரண்டு பேரில் அணியில் மிஞ்சியவர்கள் மூன்று பேர்.

மற்ற ஒன்பது பேரும் எந்த வரிசையில் போனார்கள் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். போர் வந்தது, அணி கலைந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு உடற்கல்வி ஆசிரியராகி, நானே அணிகளைக் கட்டி, அவையும் கண்முன்னால் கலைவதைப் பார்த்தபோதுதான் அந்தப் படத்தை எடுத்து ஒவ்வொரு முகமாகத் தேதி போட்டேன். களத்தில் முதலில் இறங்கும் ஐந்து பேர்தான் முதல் ஐந்து பேராகப் போயிருந்தார்கள். நன்றாக விளையாடியவன்தான் முதலில் போனான்.

பாடசாலையின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. அந்தக் குடும்பங்கள் இன்னும் அதே ஒழுங்கைகளில்தான் இருக்கின்றன.

ஊரும் ஆட்டமும்

மட்டக்களப்பு நகரத்தின் நடுப்பகுதியான புளியந்தீவு, வாவிக்குள் இருக்கும் சின்னத் தீவு. கோட்டை, 1814 இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873 இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி, சிசிலியா பெண்கள் பாடசாலை எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. எங்கள் ஊரில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்தான். கல்லூரி அணி என்றால் பதினாறு முதல் பத்தொன்பது வயதுவரையான பிள்ளைகள்.

இங்கே கூடைப்பந்து வேர் பிடித்ததற்குக் காரணம் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்திலிருந்து கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்த இயேசு சபைத் துறவிகள். நகரத்தின் வெபர் மைதானம் அவர்களில் ஒருவரான ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. லூசியானாவிலிருந்து 1948 இல் வந்த யூஜின் ஹேபியர் அடிகளார், திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேலிலும் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பயிற்றுவித்தவர். எங்கள் அணி அவர் கையில் வளர்ந்த அணி இல்லை. ஆனால் அவரிடம் கற்றவர்களிடம் கற்றவர்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

போர்க்காலத்திலும் நகரத்தில் இந்த ஆட்டம் ஓரளவு உயிரோடு இருந்ததற்கு அதன் அளவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உதைபந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் வெளி வேண்டும். வெளியான இடங்கள் முகாமாகின, அல்லது அகதிகள் வந்து தங்கினார்கள், அல்லது அங்கே நின்றால் நாலு பக்கமும் தெரியும் என்று பெற்றோர் விடவில்லை. கூடைப்பந்துக்கு மதிலுக்குள் ஒரு சீமெந்துக் கோட், அதாவது ஆடுகளம், போதும். பத்துப் பேர் போதும். பள்ளி விட்டபின் தொடங்கி, இருட்டுவதற்குள் முடித்து வீட்டுக்குப் போய்விடலாம். அந்தச் சீமெந்தே எங்களுக்கு எமனாக வந்த கதையைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் ஐவர்

முதலில் போனவன் எங்கள் கப்டன். வளையத்துக்கு அடியில் நிற்பவன், ஆறடிக்கு மேல். 1989 இன் பிற்பகுதியில், இந்தியப் படை வெளியேறப் போகிறது என்ற நிலையில், அதனோடு நின்ற தமிழ்க் குழுக்கள் கிழக்கில் கட்டாய ஆள்சேர்ப்பு நடத்தின. தெருவிலும் பஸ்ஸிலும் பிள்ளைகளைப் பிடித்து ஏற்றினார்கள். ஊரில் அதற்கு ஆள்பிடி என்று பெயர். பிடித்தவர்கள் வயதைக் கேட்கவில்லை, உயரத்தைப் பார்த்தார்கள். பதினேழு வயதில் ஆறடி என்றால் அவனை எங்கே ஒளித்து வைப்பது?

படம் எடுத்து இரண்டு வாரம் இருக்கும். பயிற்சிக்கு அவன் வரவில்லை என்று சேர் என்னை அனுப்பினார். கதவு பாதிதான் திறந்தது. அவனுடைய அம்மா முகத்தை மட்டும் வெளியே நீட்டி, "மகன், ஆள் இல்லெண்டு சேரிட்டச் சொல்லிருங்க. ஊரிலயே இல்லெண்டு சொல்லிருங்க" என்றார். அவருக்குப் பின்னால், அடுப்படிக் கதவுக்குக் கீழே, அவனுடைய கால்கள் தெரிந்தன. அந்த அளவுச் சப்பாத்து எங்கள் பள்ளியில் வேறு யாருக்கும் இல்லை. சேரிடம் போய் ஆள் இல்லை என்றுதான் சொன்னேன். சேர் ஒன்றும் கேட்கவில்லை. பெயர்ப்பட்டியலை எடுத்து முதல் பெயரில் ஒரு கோடு போட்டார். அந்த மாதமே தாயின் நகைகள் விலைபோய், அவன் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாடு போனான்.

இரண்டாவது, பந்தைக் கொண்டு ஓடுகிறவன். அணியிலேயே குள்ளம், ஆனால் அவ்வளவு வேகம். அவனை யாரும் பிடிக்கவில்லை. 1990 தொடக்கத்தில் அவனாகவே இயக்கத்துக்கு, அதாவது புலிகளிடம், போனான். இதை மறைத்து எழுதக்கூடாது. அடுத்த ஆண்டு செய்தி மட்டும் வந்தது.

மூன்றாவதும் நான்காவதும், இரண்டு பக்கமும் ஆடிய முன்கள ஆட்டக்காரர்கள். 1990 யூன் 11 இல் போர் மறுபடி தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த மாதங்களை மட்டக்களப்பில் வாழ்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. செப்டம்பர் 5 அன்று வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பவில்லை. செப்டம்பர் 9 சத்துருக்கொண்டான் படுகொலை. அந்த மாதங்களின் இராணுவச் சுற்றிவளைப்பு ஒன்றில்தான் எங்கள் இருவரும் போனார்கள்.

இங்கேதான் சீமெந்துக் கோட்டின் கதை வருகிறது. சோதனையில் நிறுத்தினால் அடையாள அட்டையோடு விடமாட்டார்கள். சேட்டுக் கையை மடிக்கச் சொல்லி முழங்கையைப் பார்ப்பார்கள், காற்சட்டையை ஏற்றச் சொல்லி முழங்காலைப் பார்ப்பார்கள். காய்ப்பு, சிராய்ப்பு இருந்தால் தவழ்ந்து பயிற்சி எடுத்த உடம்பு என்று அர்த்தம். சீமெந்துக் கோட்டில் கூடைப்பந்து ஆடுகிற எவனுடைய முழங்காலும் முழங்கையும் எப்போதும் உரிந்துதான் இருக்கும். எவ்வளவுக்கு உயிரைக் கொடுத்து ஆடுகிறானோ அவ்வளவுக்கு உரியும். என்னையும் ஒருமுறை நிறுத்தி முழங்கையைத் திருப்பிப் பார்த்தார்கள். தழும்பு இருக்கவில்லை, போகவிட்டார்கள். மாற்று ஆட்டக்காரன் என்பதால் என் தோல் பிழைத்தது. அந்த இருவரின் முழங்கால்கள் எப்படி இருந்தன என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான்தான் ஆட்டம் முடிந்தபின் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடுவேன்.

அதற்குப் பிறகு அதிபர் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் சிங்களத்தில் ஒரு கடிதம் கொடுத்தார். இவர் இந்தப் பாடசாலையின் கூடைப்பந்து அணி உறுப்பினர், காயங்கள் விளையாட்டில் ஏற்பட்டவை என்று எழுதி, கையெழுத்தும் றப்பர் முத்திரையும் வைத்தது. அதை பொலித்தீன் பையில் மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தோம். அந்தக் கடிதம் வந்தபோது கொடுப்பதற்கு முதல் ஐவரில் ஒருவரும் இல்லை.

ஐந்தாவது ஆளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவன் காத்தான்குடிப் பிள்ளை. எங்கள் அணியில் தண்ட எறிக்கு அவனைப் போல ஒருவன் இல்லை. பந்தை இரண்டு தரம் நிலத்தில் தட்டுவான், உதட்டுக்குள் பிஸ்மி சொல்லுவான், பிறகு எறிவான். வளையம் அசையாது, வலை மட்டும் அசையும். 1990 ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்ட பிறகு அவன் நகரத்துக்கு வரவில்லை. எப்படி வருவான்? எங்களில் யாரும் அங்கே போகவும் இல்லை. ஐந்து கிலோமீற்றர்தான் இடைவெளி. பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மீதி நால்வரில் மூவர் கொழும்பில் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். ஒருவன் குடும்பத்தோடு மன்னாருக்குப் போய்ப் படகேறி இந்தியா சேர்ந்தான். மிஞ்சிய மூவரில் இருவர் மாற்று ஆட்டக்காரர்கள்.

வாழைச்சேனை வீதி

1990 ஓகஸ்ட் 15. ஹேபியர் அடிகளாருக்கு அப்போது 66 வயது. கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தார், எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் தொழில் படித்த இடம் அது. வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் திரும்பினார், பின்னால் ஒரு தமிழ் இளைஞர். சித்தாண்டி, வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர் என்று வருகிற, சுமார் 30 கிலோமீற்றர் வீதி. மூன்று நாட்களுக்கு முன்னர்தான் ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். இருவரும் மட்டக்களப்பு வந்து சேரவில்லை. இன்றுவரை உடலும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை.

ஒரு பயிற்றுநரின் மறைவு என்று இதை நான் இங்கே சேர்க்கவில்லை, அது அவரைச் சின்னதாக்கிவிடும். வீதியைக் காட்டத்தான் சேர்க்கிறேன். ஒரு பாடசாலை அணி இன்னொரு பாடசாலையோடு ஆட வேண்டுமானால் இந்த வீதிகளில்தான் போக வேண்டும். வடக்கே வாழைச்சேனை, தெற்கே காத்தான்குடி தாண்டிக் களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், தமிழ் ஊர் என்று மாறிமாறி வருகிற கரை இது. முன்பு அதுவே எங்கள் போட்டிகளுக்கு ருசி. கல்முனைக்கு ஆடப் போனால் ஒரு வருசம் தமிழ்ப் பள்ளியில் சாப்பாடு, அடுத்த வருசம் முஸ்லிம் பள்ளியில் சாப்பாடு. 1990 க்குப் பிறகு ஒவ்வொரு ஊர் எல்லையும் ஒரு கேள்வி. எந்தத் தகப்பன் பிள்ளையை அந்த பஸ்ஸில் ஏற்றுவான்? எங்கள் பள்ளி அதற்குப் பிறகு சில ஆண்டுகள் நகரத்துக்குள் மட்டும் ஆடியது. ஒரே நாலு பள்ளி, ஒரே முகங்கள். நல்ல ஆட்டக்காரன் உருவாவதற்கு அவனைவிட நல்லவனோடு மோத வேண்டும், அது நின்றுபோனது.

பத்து ஆண்டு கழித்து, படுவான்கரையில்

வாவிக்கு மேற்கே சூரியன் படுகிற கரை படுவான்கரை. 2001 இல் நான் அங்கே ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். அந்தக் கரை புலிகளின் கட்டுப்பாட்டில், நகரம் அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில். நான் ஒவ்வொரு நாளும் சைக்கிளில் சோதனைச் சாவடி தாண்டிப் போய் வந்தேன்.

அங்கே ஆண் பிள்ளைகளின் அணி என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பெண் பிள்ளைகளின் வலைப்பந்து அணி இருந்தது, நல்ல அணி. புதுப் பந்து ஒன்றை நகரத்தில் வாங்கிக்கொண்டு போனேன். சாவடியில் காற்றை இறக்கச் சொன்னார்கள். இறக்கினேன். மடித்து, அமுக்கி, காதில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத் தந்தார்கள். காற்றடிக்கும் ஊசியைத் தரவில்லை. அது என்ன சாமான் என்று விளக்க என் சிங்களம் போதவில்லை. அந்தக் கரையில் அப்படி ஒரு ஊசி எங்கும் இல்லை. சைக்கிள் கடைக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரி ஊசி ஒன்றின் முனையை ராவி, பம்பின் வாயில் றப்பர் சுற்றிப் பொருத்திக் காற்றடித்துத் தந்தார். பத்து நாளைக்கு ஒருமுறை அவரிடம் போவோம்.

அந்த அணியில் கோலுக்குப் போடுகிற பிள்ளைக்குப் பதினாறு வயது. எட்டிக் கை நீட்டினால் பந்து வளையத்துக்குள் வைத்தது போல விழும். வலய மட்டத்தில் வென்றோம், மாகாணப் போட்டிக்குப் போக இருந்தோம். அந்த ஆண்டில்தான் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்ற ஆள்சேர்ப்பு மட்டக்களப்பில் தீவிரமாக நடந்தது. பெண் பிள்ளைகளும் தப்பவில்லை. கலியாணம் முடித்த பிள்ளையை எடுக்கமாட்டார்கள் என்ற ஒரு நம்பிக்கை ஊரில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை. செவ்வாயும் இல்லை. மறுகா வீட்டுக்குப் போனேன். பந்தலில் வாழைமரம் வாடத் தொடங்கியிருந்தது. சேலையில் வந்து தேத்தண்ணி தந்தாள். "சேர், போட்டி எப்ப?" என்று கேட்டாள். நான் தேதியைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தகப்பனார் என்னை வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து, "கப் தூக்கின படம் பள்ளிக்கூடத்துச் சுவரில ஒட்டின நாளில இருந்து நான் நித்திரை கொள்ளல்ல சேர்" என்றார். அந்தப் படத்தை ஒட்டியது நான். வென்ற பிள்ளைகளை ஊருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையில், முன் மண்டபத்தில், வருகிற எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டினேன். அன்று பின்னேரமே போய்க் கழற்றினேன்.

நான் சொல்ல வந்ததை அந்த மனிதர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஒரு பிள்ளையை நல்ல ஆட்டக்காரன் ஆக்குவதற்கு நாம் என்ன செய்கிறோம்? உடம்பை உரமாக்குகிறோம், ஓட வைக்கிறோம், சொன்னதைக் கேட்கப் பழக்குகிறோம், அணிக்காக விழுந்து எழும்பப் பழக்குகிறோம், பிறகு அவன் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லி ஊர் அறியச் செய்கிறோம். படைக்கு ஆள் தேடுகிறவனுக்கும் இதே பிள்ளைதான் வேண்டும். சந்தேகத்தில் பிடிக்கிறவனுக்கும் இதே உடம்புதான் கண்ணில் படும். நிரையில் நிறுத்தி, தலையை ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுக்கும் முகமூடித் தலையாட்டி வரும்போது, ஊருக்கே தெரிந்த முகம்தான் அவனுக்கும் தெரிந்த முகம். திறமை வெளியே தெரியத் தெரிய ஆபத்து நெருங்கியது. அதனால் பெற்றோர் கெட்டிக்காரப் பிள்ளையை முதலில் ஒளித்தார்கள், முதலில் அனுப்பினார்கள், முதலில் கட்டிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டுகளில் எங்கள் மாவட்டத்திலிருந்து பெயர் சொல்ல ஆட்டக்காரர் வரவில்லை என்று இன்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வந்தார்கள், வரவர இல்லாமல் போனார்கள்.

வேறொரு போர், வேறொரு வீரன்

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் நைல் கின்னிக், அமெரிக்கக் கால்பந்தில் 1939ஆம் ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை வென்றவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானியானார். 1943 யூன் 2 அன்று பயிற்சிப் பறப்பில் வெனிசுவேலாக் கரைக்கு அப்பால் கடலில் விழுந்து இறந்தார். வயது 24. உடல் கிடைக்கவில்லை. 1972 இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் மைதானத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். அதே 1943 இல் அங்கே பல கல்லூரிகள் ஆள் இல்லாமல் அணியையே நிறுத்தின.

அங்கேயும் சிறந்தவர்கள்தான் போனார்கள், அங்கேயும் உடல் கிடைக்காத தாய்மார் இருந்தார்கள். ஆனால் எவன் எந்தத் தேதியில் எங்கே போனான் என்பதற்கு ஒரு பதிவு இருக்கிறது. எங்களிடம் அது இல்லை. எங்கள் பள்ளியின் கப் அலுமாரிக்கு மேலே ஒரு பலகை உண்டு, அணித் தலைவர்களின் பெயர்கள் ஆண்டுவாரியாக. 1989 க்கு நேரே ஒரு பெயர் இருக்கிறது. 1990 க்கு நேரே ஒன்றும் இல்லை. அந்த ஆண்டு அணி இருக்கவில்லை என்றுதான் இன்று அதைப் பார்க்கிற பிள்ளை நினைக்கும். அணி இருந்தது. முதலாம் தவணையில் இரண்டு ஆட்டம் ஆடினோம், ஓடுகிறவன் போவதற்கு முன்பு அவன்தான் கப்டன். இயக்கத்துக்குப் போனவன் என்பதால் எழுதப் பயம், பிறகு அது மறதியாகிவிட்டது. எந்தப் பக்கம் போனான் என்பதை எழுத வேண்டாம், அணித் தலைவன் என்று பெயரை எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இரண்டு அதிபர்கள் மாறிவிட்டார்கள். நான் கேட்பதை விடப்போவதில்லை.

படத்தின் பின்பக்கத்தில் பன்னிரண்டு பெயரையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். உயிரோடு இருப்பவர்கள் ஒன்பது பேர், ஊரில் இருப்பவர்கள் நான்கு. நான்காவது ஆள் காத்தான்குடிக்காரன்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்து, சில மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை அவன் தன்னுடைய கடை வானில் வந்து எங்கள் வீட்டு வாசலில் ஹோர்ன் அடித்தான். வயிறு வைத்திருந்தது, தாடி நரைத்திருந்தது. "மச்சான், கோட் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டான். போனோம். வளையம் துருப்பிடித்திருந்தது, வலை இல்லை. சின்னப் பிள்ளைகளிடம் பந்தை வாங்கிக்கொண்டு கோட்டில் போய் நின்றான். சாரத்தை மடித்துக் கட்டினான். இரண்டு தரம் தட்டினான். உதடு அசைந்தது.

பத்து எறிந்தான். எட்டு விழுந்தது.